வாட்டர் பைத்தான் எடுக்கலாமா, இல்ல கார்பெட்டோ ஸ்பாட்டடோ போதுமா?

ஆஸ்திரேலியாவுல பாம்பு வளர்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்னேக் எல்லாம் கிடையாது, வெளிநாட்டுப் பாம்பு எதையும் வீட்ல வெச்சிக்க சட்டம் விடாது, அதனால எதை எடுக்கலாம்ங்கிற யோசனை எல்லாமே அந்த மண்ணோட பாம்புங்களுக்குள்ளதான். அதுலயும் சுத்திச் சுத்தி பேச்சு வர்றது ஒரு நாலு வகை பைத்தான், அதாவது மலைப்பாம்புதான். ஒரு மீட்டர் பக்கம் நின்னுடுற சில்ட்ரன்ஸ், ஸ்பாட்டட், ஸ்டிம்சன்ஸ் கூட்டம் ஒண்ணு, நிறைய வீட்ல இருக்கிற கார்பெட் பைத்தான் ஒண்ணு, ரொம்பப் பெருசா வளர்ற ஆலிவ் பைத்தான் ஒண்ணு, அப்புறம் வாட்டர் பைத்தான். முதல் ரெண்டப் பத்தி யார்கிட்ட கேட்டாலும் நல்லவிதமாதான் சொல்வாங்க. வாட்டர் பைத்தான்னு வாயத் திறந்தாலே "அது கடிக்கும், வேணாம்"னு முடிச்சிடுவாங்க.

அந்தக் கெட்ட பேர்ல பாதி உண்மை, பாதி அநியாயம். அது கடிக்கும்தான், ஆனா பெரும்பாலும் கோபத்துல இல்ல, பசியில. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்களுக்கு வாட்டர் பைத்தான் ரொம்ப நல்ல பாம்பு, தெரியாதவங்களுக்கு, தெரிஞ்சிக்க நேரமும் இல்லாதவங்களுக்கு ஸ்பாட்டட் எடுத்துட்டு நிம்மதியா இருக்கறதுதான் சரி. இத மனசுல வெச்சிட்டு மேல படிங்க, ஏன்னா சைஸ், கூண்டு, சூடு எல்லாத்தையும் பணம் செலவு பண்ணி சரி பண்ணிடலாம், சுபாவம் ஒத்துவரலன்னா எதுவும் பண்ண முடியாது, இருபது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கற ஜீவன் இது.

முதல்ல அது எங்க இருந்து வருதுன்னு பாத்தாதான் அதோட குணம் புரியும். வடக்கு ஆஸ்திரேலியாவோட வெப்பமண்டல சமவெளி, ஆத்தங்கரை, சதுப்பு நிலம், அப்புறம் நியூ கினி, இதெல்லாம்தான் அதோட இடம். அங்க டார்வின் நகரத்துல இருந்து ஒரு எழுபது கிலோமீட்டர்ல ஃபாக் டேம்னு ஒரு அணை இருக்கு, 1950கள்ல நெல் விளைவிக்கிற திட்டத்துக்காகக் கட்டினது, திட்டம் தோத்துப்போச்சு, அணை மட்டும் நின்னுபோச்சு, இப்போ அது ஒரு காப்புப் பகுதி. அங்க ராத்திரி அணைக்கரை மேல இந்தப் பாம்புங்க ஊர்ந்து போறதப் பாக்கவே ஆளுங்க வருவாங்க. தாமஸ் மேட்சன், ரிச்சர்ட் ஷைன்னு ரெண்டு விஞ்ஞானிங்க அந்த சமவெளில பல வருஷம் இந்தப் பாம்பையும் அது தின்ற டஸ்கி எலியையும் சேர்த்தே ஆராய்ச்சி பண்ணாங்க. வறண்ட காலத்துல மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும், எலியெல்லாம் அந்த வெடிப்புக்குள்ள இருக்கும், பாம்பும் அங்கேயே இருக்கும். மழைக்காலம் வந்து சமவெளி முழுக்க வெள்ளம் நின்னதும் எலி மேட்டுக்குப் போகும், பாம்பும் பின்னாலயே கிலோமீட்டர் கணக்குல போகும். எலி பெருகின வருஷம் விருந்து, எலி செத்த வருஷம் பட்டினி. 2000ல வந்த அவங்க ஆய்வு ஒண்ணுல, எலி நிறைய இருந்த வருஷத்துல பொறந்த குட்டிங்க அதுக்கப்புறமும் காலம் பூரா மத்ததவிட வேகமா வளர்ந்துச்சுன்னு காட்டியிருக்காங்க. அந்த மாதிரி இடத்துல, கிடைச்சப்ப யோசிக்காம பாஞ்சு பிடிச்சதுதான் பிழைக்கும். உங்க வீட்டுக் கண்ணாடிக் கதவு திறந்ததும் அது பாயுறதுக்குக் காரணம் அங்க இருந்து வருது.

கதவு திறக்கற அந்த நிமிஷத்தக் கொஞ்சம் கூர்ந்து பாருங்க. தலை மறைவிடத்துல இருந்து மெதுவா வெளிய வரும், நாக்கு வேகவேகமா உள்ள வெளிய போகும், கண்ணு உங்க கைமேலயே இருக்கும், கழுத்து மெதுவா எஸ் மாதிரி வளைஞ்சு பின்னால போகும், ஆனா உடம்பு இறுகி இருக்காது, சீறல் இருக்காது, பின்வாங்கவும் செய்யாது, முன்னாலதான் வரும். இது சாப்பாட்டு எதிர்பார்ப்பு. பந்தியில இலை போட்டாச்சுன்னா கை தானா நீளுற மாதிரி, கதவு திறந்தா எலி வரும்னு அதுக்குப் பழகிப்போச்சு, சூடா எது உள்ள வந்தாலும் அது எலிதான். உதட்டுச் செதில்ல இருக்கற குழிங்க சூட்டை உணரும், உங்க கை சூடா இருக்கு, எலி வாசனையும் ஒட்டியிருந்தா கேக்கவே வேணாம். கோபத்துல, பயத்துல இருக்கற பாம்பு இதுக்கு நேர் எதிர். உடம்ப சுருட்டி இறுக்கிக்கும், தலைய பின்னால இழுத்துக்கும், விலகிப்போகப் பாக்கும், வழியில்லன்னா டக்குனு அடிச்சிட்டு விட்டுடும். சாப்பாட்டுக் கடி அப்படி விடாது, பிடிச்சிட்டு சுத்த ஆரம்பிக்கும். அந்த ஒரு வித்தியாசத்துலயே எந்தக் கடின்னு தெரிஞ்சிடும்.

இதுக்கு மருந்து ஸ்னேக் ஹூக்தான், பாம்பத் தூக்கறதுக்குன்னே இருக்கற நுனி வளைஞ்ச கம்பி. கதவத் திறந்ததும் கைய விடாம ஹூக்கால உடம்பு நடுவுல மெதுவா ஒரு தட்டு, இல்ல மூஞ்சிக்கிட்ட லேசா ஒரு தள்ளு, அவ்ளோதான், இன்னைக்கு சாப்பாடு இல்ல, தூக்கப்போறாங்கன்னு அது கத்துக்கும். ஒவ்வொரு தடவையும் செய்யணும், ஒரு தடவ விட்டா அது கத்துக்கிட்டது குழம்பும். ஹூக்கால தூக்கி கூண்டுக்கு வெளிய எடுத்துட்டா அதே பாம்பு வேற பாம்பாயிடும், ஒரு நிமிஷம் முன்னாடி கண்ணாடில முட்டிட்டு நின்னதா இதுன்னு தோணும், கைமேல அமைதியா ஊர்ந்து போகும். வளர்க்கறவங்க பலரும் இதையேதான் சொல்றாங்க, கூண்டுக்குள்ள புலி, வெளிய சாது.

தனி டப்பால எடுத்து வெச்சு சாப்பாடு போட்டா கூண்டுக்குள்ள இந்தப் பழக்கமே வராதுன்னு ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல, குறிப்பா இந்தப் பாம்புக்கு. எலிய முழுங்கி முடிச்ச வாட்டர் பைத்தானுக்கு அடுத்த எலி எங்கன்னு தேடற வெறி இன்னும் அடங்கியிருக்காது, அந்த நேரத்துல கைய விட்டு எடுத்துத் திரும்பக் கூண்டுல வைக்கறதுதான் இருக்கறதுலயே ஆபத்தான வேலை, வயித்துல எலியோட அலைக்கழிச்சா கக்கியும் விடும். கூண்டுக்குள்ளயே நீளமான இடுக்கியால போட்டுட்டு, மூடிட்டு, ரெண்டு மூணு நாள் தொடாம விடுங்க. ஃப்ரீசர் எலிய நல்லா உருக வெச்சுக் குடுங்க, உயிர் எலி வேணவே வேணாம், பாம்பையும் கடிச்சு வைக்கும், எலிக்கும் அது கொடுமை.

குட்டில ஒரு விஷயம் தனியா சொல்லணும். முட்டைல இருந்து வந்த வாட்டர் பைத்தான் குட்டி நிஜமாவே பயந்த பாம்பு. பறவை, பல்லி, முதலைன்னு எல்லாத்துக்கும் இரையாகற சைஸ் அது, அதனால கிட்ட போனாலே அடிக்கும், தூக்கினா நாத்தம் பிடிச்ச திரவமும் கழிவும் உங்க மேல பீச்சும். இது பல மாசம் போகும், அப்புறம் தானா குறையும், வாரத்துல ரெண்டு மூணு தடவ கொஞ்ச நேரம் பயமில்லாமத் தூக்கிப் பழக்கினா சீக்கிரம் குறையும். பல்லு ரொம்ப சின்னது, முள்ளு கீறின அளவுதான். ஆனா ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் நீங்க வெடுக்குனு கைய இழுத்தா, அடிச்சா இந்த ஆளு போயிடுவாருன்னு அதுக்குப் பாடம் ஆயிடும், அந்தப் பாடத்தோட அது ரெண்டு மீட்டருக்கு வளரும்.

இதே விஷயத்துல மத்ததுங்க எப்படி? ஸ்பாட்டட், ஸ்டிம்சன்ஸ் குட்டியும் கொஞ்சம் அடிக்கும், ஆனா வளர்ந்தப்புறம் கையில சுருண்டு உக்காந்துக்கும், கடிச்சாலும் பெருசா வலிக்காது. அதுங்ககிட்ட இருக்கற தொல்லை வேற, சில்ட்ரன்ஸ் வகைக் குட்டிங்க காட்டுல பல்லி, அரணை தின்ற இனம்ங்கறதால சிலது எலிக்குஞ்ச முதல்ல தொடவே தொடாது, வாரக்கணக்குல போராடணும். வாட்டர் பைத்தான் குட்டி அந்த வகையில பொதுவா தங்கம், சாப்பாட்டுக்கு அடம் பிடிக்காது. கார்பெட்ல எந்த ஊர் வகைங்கறதப் பொறுத்து சுபாவம் நிறைய மாறும். மர்ரே டார்லிங் வகை அமைதியானதுன்னு பேரு, ஜங்கிள் கார்பெட் சின்னதுல சுள்ளுனு இருக்கும், சென்ட்ரேலியன் பைத்தான் கார்பெட்டுக்கு நெருங்கின சொந்தம், சாதுத்தனத்துல அதுக்குதான் நான் முதலிடம் குடுப்பேன். கார்பெட்ட தூக்கினா கையச் சுத்திப் பிடிச்சிட்டு அப்படியே தங்கிடும், மரத்துல இருக்கற பழக்கம் அது. வாட்டர் பைத்தான் அப்படி இருக்காது, இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு, தோளுக்கு, முதுகுக்குன்னு போயிட்டே இருக்கும், சும்மா உக்காராது, உடம்பு முழுக்க தசை. டிவி பாத்துட்டே மடியில பாம்ப வெச்சிருக்கணும்னா அது உங்களுக்கு சரிவராது, பாம்போட அசைவப் பாக்கறதுக்குன்னே வளர்க்கறவங்களுக்கு இதைவிட நல்ல பாம்பு கிடைக்காது.

ஆலிவ் பைத்தான் வாட்டர் பைத்தானோட அதே லியாசிஸ்ங்கற பேரினம், சாப்பாட்டு வேகமும் அதே மாதிரிதான், ஆனா நீளம் மூணு மீட்டர தாண்டி நாலு வரைக்கும் போகும். வாட்டர் பைத்தான் ரெண்டு மீட்டர் சுமாருக்கு நிக்கும், சிலது மூணு கிட்ட வரும். ஒரு ஆளு தனியா சமாளிக்கறதுக்கும் ரெண்டு பேர் வேணுங்கறதுக்கும் நடுவுல இருக்கற கோடு அதுதான். முதல் பாம்பா ஆலிவ் வாங்காதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

அழகப் பத்தி ஒரு வார்த்தை. கார்பெட்ல கோலம் போட்ட மாதிரி வடிவம் இருக்கும், ஜங்கிள்ல கருப்பும் மஞ்சளும் கண்ணப் பறிக்கும், அதுங்க பக்கத்துல வாட்டர் பைத்தான வெச்சா வெறும் பழுப்பு. சட்டை உரிச்ச மறுநாள் அத வெயில்ல எடுத்துப் பாருங்க, முதுகு முழுக்க வானவில் ஓடும், பச்சையும் ஊதாவும் ஒவ்வொரு அசைவுக்கும் இடம் மாறும், திருப்பினா வயிறு பளிச்சுனு மஞ்சள். போட்டோல இது சரியா வர்றதே இல்ல, அதனாலதான் ஆன்லைன்ல பாத்து முடிவு பண்றவங்க இத ஒதுக்கிடறாங்கன்னு நினைக்கிறேன்.

கூண்டு, சூடு விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். ஸ்பாட்டட் வகைக்கு தொண்ணூறு சென்டிமீட்டர் நீளக் கூண்டு போதும், கார்பெட்டுக்கு உயரமும் ஏற கட்டையும் வேணும், வாட்டர் பைத்தானுக்கு தரை இடம் முக்கியம், வளர்ந்ததுக்கு நாலடிக்கு ரெண்டடி குறைஞ்சபட்சம், அஞ்சடி ஆறடி குடுத்தா நல்லது, நீட்டிப் படுக்க இடம் இருந்தா அதோட படபடப்பும் குறையும். மூஞ்சிய கண்ணாடில தேய்ச்சிட்டே இருந்தா இடம் பத்தலன்னோ மறைவிடம் பத்தலன்னோ அர்த்தம். சூடான பக்கம் 32, 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 சுமார், தெர்மோஸ்டாட் இல்லாம எந்த ஹீட்டரும் மாட்டாதீங்க. மெல்போர்ன், கான்பெர்ரா மாதிரி குளிர் ஊர்ல இருந்தா இதையும் கணக்குல எடுங்க, மர்ரே டார்லிங் கார்பெட்டும், கார்பெட்லயே இன்னொரு வகையான டைமண்ட் பைத்தானும் குளிர் தெரிஞ்ச பாம்புங்க, சொல்லப்போனா டைமண்டுக்கு எப்பவும் சூடு குடுத்தாலே உடம்பு கெடும்னு சொல்றாங்க, வாட்டர் பைத்தான் அப்படி இல்ல, வருஷம் பூரா வெதுவெதுப்பா இருக்கற ஊரோட பாம்பு, குளிர்காலத்துல கரண்ட் போனா நீங்கதான் ஓடணும்.

தண்ணி விஷயத்துலதான் நிறைய பேர் குழம்பறாங்க. சதுப்புல வாழ்ற பாம்பாச்சே, கூண்ட எப்பவும் ஈரமா வைக்கணும்னு கீழ போட்டிருக்கறத நனைச்சு வெப்பாங்க, கொஞ்ச நாள்ல வயித்துச் செதில் சிவந்து புண்ணாயிடும். கூண்டு காய்ஞ்சுதான் இருக்கணும், அதுக்குள்ள உடம்பு முழுக்க சுருண்டு உக்கார்ற அளவுக்கு ஒரு கனமான தொட்டி இருக்கணும், காத்து நல்லா போகணும். தொட்டிக்குள்ளயே கழிவு போடறது இதுக்குப் பிடிச்ச பழக்கம், போட்ட அன்னைக்கே மாத்தி, தேய்ச்சுக் கழுவணும், தள்ளிப்போடற வேலை இல்ல. ஸ்பாட்டட்கிட்ட இந்த வேலை ரொம்பக் குறைவு. இன்னொண்ணு, எப்பவாவது தண்ணில கிடந்தா சரி, நாள் முழுக்க தண்ணிலயே கிடந்தா ஒண்ணு கூண்டு ரொம்ப சூடு, இல்ல உண்ணி ஏறியிருக்கு. தொட்டித் தண்ணில கருப்பா புள்ளி புள்ளியா மிதக்குதான்னு பாருங்க, தாடைக்கு அடியிலயும் கண்ணோரத்துலயும் பாருங்க.

சாப்பாட்டு அளவு இந்தப் பாம்போட ஆயுளையே தீர்மானிக்கும், அதனால இத அழுத்திச் சொல்றேன். பட்டினிக்கும் விருந்துக்கும் பழகின உடம்பு அது, கிடைக்கறதெல்லாம் கொழுப்பா சேர்த்து வெச்சிக்கும், வீட்ல பட்டினி வருஷம்னு ஒண்ணு வர்றதே இல்ல. அது கண்ணாடில வந்து நின்னு கேக்குதேன்னு பாவப்பட்டு வாரா வாரம் எலி போட்டா மூணு நாலு வருஷத்துல வாலடில மடிப்பு விழும், சும்மா படுத்திருக்கும்போதே செதிலுக்கு நடுவுல தோல் தெரியும், உள்ள ஈரல் கெட்டிருக்கும். குட்டிக்கு வாரம் ஒரு தடவ, வளர வளர இடைவெளி கூட்டி, பெரிய பாம்புக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ அதோட உடம்புத் தடிமனுக்கு ஒரு எலி, போதும். எப்பவும் பசிக்கற மாதிரிதான் நிக்கும், நிக்கட்டும். கார்பெட்டும் குண்டாகும்தான், ஆனா சட்டை உரிக்கற நேரத்துல, குளிர்ல, இனப்பெருக்க காலத்துல பல கார்பெட் தானாவே சாப்பாட்ட மறுக்கும், அதுவே ஒரு பாதுகாப்பு. வாட்டர் பைத்தான் மறுக்கறது அபூர்வம், தொடர்ந்து மறுத்தா உடனே ரெப்டைல் பாக்கற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுல ஏதோ இருக்கு.

வீட்ல சின்னப் பசங்க இருந்து, அவங்களும் தூக்கி விளையாடணும்னு நினைச்சா வாட்டர் பைத்தான் வேணாம், ஸ்பாட்டட் இல்ல ஸ்டிம்சன்ஸ் வாங்குங்க, ஹூக் பழக்கத்த ஒரு ஆறு வயசுப் பையன்கிட்ட எதிர்பாக்க முடியாது. ஒரு பாம்புதான் வாழ்க்கைக்கும், பெருசாவும் இருக்கணும், கையிலயும் நிக்கணும்னா மர்ரே டார்லிங் இல்ல சென்ட்ரேலியன். ஏற்கனவே ஒரு பாம்ப ஒழுங்கா வளர்த்திருக்கீங்க, பெரியவங்க மட்டும் கையாளப்போறீங்க, கூண்டத் திறக்கும்போது அவசரப்படாத ஆளு, அப்படின்னா தயங்காம வாட்டர் பைத்தான் எடுங்க. முதல் பாம்பாவே இதுதான் வேணும்னு பிடிவாதமா இருந்தாலும் நான் தடுக்க மாட்டேன், ஆனா குட்டி வேணாம், ஒரு வயசு ரெண்டு வயசு தாண்டினதா, யாரோ ஏற்கனவே ஹூக்குக்குப் பழக்கினதா பாத்து எடுங்க. குட்டியோட அழகுல மயங்கி வாங்கிட்டு, அது அடிக்குதேன்னு தொடாமலே விட்டு, ரெண்டு மீட்டர்ல யாரும் கிட்ட போகாத பாம்பா ஆகி, அப்புறம் வித்துடறேன்னு வர்றதுதான் இந்த வகையில அடிக்கடி நடக்கற சோகம்.

கடி வாங்கினா என்ன செய்யறதுன்னு இப்பவே தெரிஞ்சிக்கங்க. விஷம் கிடையாது. பல்லெல்லாம் உள்பக்கமா வளைஞ்சிருக்கும், இழுத்தா உங்க தோலும் கிழியும், அதோட பல்லும் உடையும். அசையாம நில்லுங்க, சுத்தியிருந்தா வால் பக்கத்துல இருந்து பிரிச்சு எடுங்க, விடலன்னா குழாய்த் தண்ணிய சில்லுனு பாம்போட மூஞ்சில விடுங்க, விட்டுடும். ரத்தம் பாக்கறதுக்கு நிறைய வரும், சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்க, பல்லு உள்ள உடைஞ்சு தங்கியிருந்தாலோ மறுநாள் வீங்கினாலோ டாக்டரப் பாருங்க.

லைசென்ஸ் இல்லாம வாங்காதீங்க. மாநிலத்துக்கு மாநிலம் வகை வேற, எந்தப் பாம்பு எந்த வகை லைசென்ஸ்ல வருதுங்கறதும் வேற, அதனால உங்க மாநிலத்து வனவிலங்குத் துறையோட பட்டியல முதல்ல பாத்துட்டுதான் விக்கறவங்கள தேடணும், விக்கறவங்களோட லைசென்ஸ் நம்பரும் கேளுங்க. காட்டுல பிடிச்சது எதுவும் வேணாம், பெரும்பாலும் சட்டமும் விடாது, அதுக்கு எலியும் பழகியிருக்காது, உடம்புல புழு பூச்சி வேற.

விக்கறவங்க வீட்டுக்கு நேர்ல போங்க, அவங்க கைல இருக்கற பாம்ப மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. கூண்ட அவங்க திறக்கறதப் பாருங்க, ஹூக் எடுக்கறாங்களா, நேரா கைய விடறாங்களா, பாம்பு என்ன பண்ணுதுன்னு. கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு, என்ன சைஸ் எலி, எப்ப சட்டை உரிச்சதுன்னு எழுதி வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. அப்புறம் நீங்களே தூக்கிப் பாருங்க, மூச்சு விடும்போது வாய்ல நுரையோ கீச்சுச் சத்தமோ வருதா, வயித்துச் செதில் சுத்தமா இருக்கா, தூக்கின உடனே பிடி இறுகி இருக்கா, ஒரு அஞ்சு நிமிஷத்துல நாக்கு நிதானமாகி உங்க கைல சாதாரணமா நகர ஆரம்பிக்குதான்னு. அஞ்சு நிமிஷத்துல அடங்கற பாம்பு கூண்டு வாசல்ல எவ்வளவு ஆட்டம் போட்டாலும் பரவால்ல, எடுக்கலாம். பத்து நிமிஷம் ஆகியும் விலகி ஓடவே பாத்தா வேற ஒண்ணு காட்டச் சொல்லுங்க.